மரக்கும் மருந்து வேண்டாம்

என் வலது பாதத்துப் புண்ணுக்கு டாக்டரம்மா புதுவகைக் கட்டு ஒன்றை எடுத்தார். சிலந்தி நூலைவிட மெல்லிய இழைகளால் ஆனது.

"இதுல நிறைய நுண்துளை இருக்கு. அது வழியா மருந்து கொஞ்சம் கொஞ்சமா கசியும். புண்ணும் ஆறும், வலியும் மரத்துப்போகும்."

"மரக்கிற மருந்து எனக்கு வேண்டாம். எங்க குடும்பத்துல யாரும் வலிக்குதுன்னு சொன்னதில்ல. எங்கப்பா கால்ல ஏறின ஆணியோட வீடு வரைக்கும் நடந்தவர்."

"டாக்டர் சொல்றதைக் கேளுங்கப்பா," என்றான் மகன்.

"செருப்புல கல்லு சிக்கினாலே நொண்டுறவன் நீ. சும்மா இரு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இடது காலை நீட்டிக் கண்ணை மூடுங்க. ஊசியால லேசாக் குத்துவேன். குத்தினதும் சொல்லுங்க."

அந்தக் காலில் புண்ணே இல்லை. இருந்தாலும் கண்ணை மூடிக் காத்திருந்தேன்.

"ஆரம்பிக்கலாமே," என்றேன்.

"முடிச்சிட்டேன் ஐயா. பெருவிரல்ல இருந்து குதிகால் வரைக்கும் குத்தியாச்சு. உங்க அப்பாவுக்கும் சர்க்கரை இருந்ததா?"

இருந்தது. ஆணி ஏறிய அந்தக் காலைப் பிறகு வெட்டித்தான் எடுத்தார்கள்.

"நீங்க சொன்னதே சரி. உங்களுக்கு மரக்கிற மருந்து தேவையில்லை," என்று வேறொரு கட்டை எடுத்துப் போட்டார். அவர் விரல் பட்டதே எனக்குத் தெரியவில்லை.

"போன மாசம் இவனுக்கும் சர்க்கரைன்னு சொல்லிட்டாங்க. இவனையும் பாருங்க," என்றேன்.

மகன் கண்ணை மூடினான். ஊசி பட்டதும் "ஆ" என்று காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இன்னொரு தடவை குத்துங்க," என்றேன்.