ஏழு எஞ்சின், எட்டுப் பேர்

அன்று இறக்கக்கண்டி மீனவர் சங்க மண்டபத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: தலைவர் பேணாட், செயலாளர் அருள்மலர், பிரதேச செயலகத்திலிருந்து வந்த அலுவலர் ஆனந்தராசா, சங்கத்தின் மூத்த உறுப்பினர் சோமசேகரம், படுக்கையிலிருந்த கணவர் முத்தலிப்புக்காக வந்திருந்த றஹ்மா.

யுத்தநிறுத்தம் வந்து எட்டு மாதமாகியிருந்தது. விழுந்து கிடந்த கரையோரத் தொழிலை நிமிர்த்துவதற்கென்று அரசாங்கம் அவ்வூருக்கு ஏழு வள்ள எஞ்சின்களை ஒதுக்கியிருந்தது. கேட்டவர்கள் எட்டுப் பேர்.

பேணாட் ஆளுங்கட்சிக்காரர். அரசாங்கம் தாராளமாகச் செலவழித்தால் வள்ளம் ஓடும், வள்ளம் ஓடினால் மீன் லொறி வரும், லொறி வந்தால் பூட்டிய கடை திறக்கும் என்பது அவருடைய வாதம். எதிர்க்கட்சிக்காரரான சோமசேகரம் அதை ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வெளிநாட்டுக் கடனில் வாங்கிக் கொடுப்பது பிள்ளைகளின் தலையில் ஏற்றும் சுமை, சும்மா கிடைத்த எஞ்சின் தண்ணீரைக் காணாமலே சந்தைக்குப் போகும் என்பார். இரண்டு தேர்தல்கள் முடிந்தும் இந்த வழக்கு முடியவில்லை.

பேணாட் பட்டியலை வாசித்தார். ஏழாவது பெயர் சோமசேகரம். இடமில்லாமல் விடுபட்ட பெயர் முத்தலிப்.

"உங்கட பேரையும் போட்டிருக்கிறன், அண்ணை. கட்சி பார்த்தனான் எண்டு இனி ஒருத்தரும் கதைக்க ஏலாது," என்றார் பேணாட்.

றஹ்மா எழுந்தார். கணவருக்கு இடுப்பு நாரி முறிந்து இரண்டு வருடமாகிறதென்றும், அவருடைய வள்ளத்தின் பழைய எஞ்சின் இந்த மாதத்தைத் தாண்டாதென்றும், அது நின்றால் வீட்டில் உலை வைக்க வழியில்லையென்றும் சொன்னார்.

"படுத்திருக்கிறவருக்கு எஞ்சின் குடுத்தா மேலிடத்தில என்னைக் கேப்பினம், தங்கச்சி. உலருணவு நிவாரணம் வரட்டும், முதலாவதா உங்கட பேர்தான்," என்றார் பேணாட்.

"நிவாரணமெண்டா அவரு தொடமாட்டாரு," என்றார் றஹ்மா.

ஆனந்தராசா சுற்றறிக்கையைப் பிரித்தார். 'தொழிலில் ஈடுபடுவோருக்கு' என்று மட்டுமே அதில் இருந்தது. அவர்கள் யாரென்று தீர்மானிப்பது சங்கத்தின் பொறுப்பு. அதற்குத் தலைவரின் சான்றிதழ் போதுமென்றார் பேணாட்.

"போதாது," என்றார் சோமசேகரம்.

"பிறகென்ன அண்ணை? உங்கட பேரும் கிடக்குதே."

"உம்மட சான்றிதழ் கடலைப் பார்க்காது. கூட்டத்துக்கு ஆர் கொடி பிடிச்சவன் எண்டுதான் பார்க்கும். போன வருசத்துக் கடல் பாஸ் புத்தகங்களை எடுங்கோ. கடலில இறங்கேக்க கடற்படைக் காவலில எந்த வள்ளத்துக்குக் கூடுதலாச் சீல் விழுந்திருக்கோ, அந்த ஏழுக்கும் குடுங்கோ."

றஹ்மா அவரைப் பார்த்தார். "எங்கட நிலைமையை யோசிக்கமாட்டீங்களா, அண்ணன்?"

"இரக்கத்துக்கு எஞ்சின் குடுக்கத் தொடங்கினா ஒரு அரசாங்கமும் உருப்படாது."

றஹ்மா திரும்பவும் கதிரையில் இருந்துவிட்டார்.

பேணாட் அலுவலரின் பக்கம் சாய்ந்தார். ஆனால் குரலைத் தாழ்த்தவில்லை. இந்த ஊரில் நாள் தவறாமல் கடலுக்குப் போகிறவர் சோமசேகரம் ஒருவர்தான் என்றார். அரசாங்கம் கொடுக்கக் கூடாதென்று ஊரெல்லாம் முழங்குகிறவர், கொடுக்கும் நாளில் ஏழாம் இடம் போதாதென்று முதலாம் இடத்துக்கு வழி தேடுகிறார் என்றார். சோமசேகரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனந்தராசாவுக்கு அந்த அளவுகோல் பிடித்திருந்தது. எவரும் குறை சொல்ல முடியாதது என்றார். பேணாடும் வேறு வழியின்றி இணங்கினார். "சரி, அருள்மலர், எழுதும். எழுதினாப் பிறகு மாத்த ஏலாது."

அருள்மலர் அலுமாரியைத் திறந்து எட்டுப் புத்தகங்களையும் எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணினாள். ஆறு புத்தகங்கள் வழக்கின்றி நகர்ந்தன.

"முத்தலிப். இருநூற்றுப் பதினொண்டு. இதுவரைக்கும் இதுதான் ஆகக்கூட."

கடைசிப் புத்தகத்தை அவள் இரண்டு தடவை எண்ணினாள். "சோமசேகரம். பன்னிரண்டு."

ஆனந்தராசா நிமிர்ந்தார். "நாள் தவறாமல் போறவர் எண்டு சொன்னீங்கள்?"

அருள்மலர்தான் விளக்கினாள். பாஸ் வள்ளத்துக்கு உரியது; அதில் போகிற ஆளுக்கு உரியதல்ல. முத்தலிப் விழுந்த வாரமே சோமசேகரம் தம்முடைய வள்ளத்தைக் கரையில் ஏற்றிவிட்டு, அவருடைய வள்ளத்தில் போகத் தொடங்கினார். அந்தக் கரையில் பிடிபட்ட மீனைப் பிரிக்கும்போது, யார் ஓட்டினாலும் வள்ளத்துப் பங்கு வள்ளச் சொந்தக்காரரின் வீட்டுக்குத்தான் போகும். அந்தப் பன்னிரண்டும் மாதம் ஒன்றாக, சொந்தப் பாஸ் காலாவதியாகாமலிருக்க விழுந்தவை.

"எல்லாரும் கண்டதுதான், சேர்," என்றாள் அவள். "தன்ர வள்ளம் தேயக்கூடாதெண்டு அந்தாளின்ரயை ஓட்டுறார் எண்டு சிரிச்சனாங்கள்."

ஆனந்தராசா ஏழாவது பெயரை வெட்டினார். முதலாவது இடத்தில் முத்தலிப்பின் பெயரை எழுதினார்.

றஹ்மா முக்காட்டை இழுத்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

பேணாட் தன் பட்டியலை மடித்துவைத்தார். பிறகு, "அண்ணை," என்றார், "எட்டாவது எஞ்சினுக்கு மேலிடத்துக்கு நானே எழுதப்போறன். அரசாங்கம் இன்னும் ஒண்டுக்குச் செலவழிக்கட்டும். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ, பார்ப்பம்."

சோமசேகரம் எழுந்தார். சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வேண்டாமென்று சொல்லாமலே வெளியே நடந்தார்.