ஒரு வாய் மருந்து

"வாயத் தொறங்க ஐயா. ஒரே ஒரு வாய்தான்."

அமீர் பற்களை இறுகக் கடித்துக்கொண்டார். வலது கை துவண்டு மடியில் கிடந்தது. இடது கை கட்டில் கம்பியைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. கண்களில் அப்படியொரு பயம்.

இசைவாணிக்கும் பயம்தான். அதை அமீரின் மனைவி மெஹ்ராஜ் பேகம் பார்த்துவிடக் கூடாதே என்று குனிந்தபடியே கரண்டியை நீட்டினாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்த அந்த மருத்துவமனையில் அவள் பேச்சுப் பயிற்சியாளர். பக்கவாதத்தில் நாக்கு முடங்கிப்போனவர்களுக்குப் பேசவும் விழுங்கவும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. மருந்து கொடுப்பது நர்ஸ்களின் பாடாகத்தான் இருந்தது, போன வாரம் வரைக்கும்.

போன வாரம் அமீருக்கு முழு மாத்திரையைத் தண்ணீரோடு கொடுத்தார்கள். அது மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. திருக்கோவிலூர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி துணி கிழித்துக் கொடுத்த மனுஷன், முகம் நீலம் பாரித்துக் கட்டிலில் கிடந்து துடித்தார். பிழைத்தது மறுபிறவி.

அதற்குப் பிறகுதான் பெரிய டாக்டர் இசைவாணியைக் கூப்பிட்டார். "தொண்டை எப்ப தொறக்குது, எப்ப மூடுதுன்னு உனக்குத்தாம்மா தெரியும். முழுங்க முடியாதவங்களுக்கு இனிமே மாத்திரையும் நீயே குடுத்துடு."

பயிற்சியெல்லாம் வாங்கிக்கொண்டாள். ஆனாலும் வராந்தாவில் யாரோ பேசியது காதிலேயே நின்றது. "பேச்சு சொல்லித் தர்ற பொண்ணு மருந்து குடுக்குறதா? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

இன்று முதல் நாள்.

எல்லாம் முறைப்படிதான் செய்தாள். அமீருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. பக்கத்துக் கட்டில் தெய்வசிகாமணிக்குச் சர்க்கரைக்கு. அமீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டையும் தனித்தனியாகப் பொடித்து, கெட்டித் தயிரில் குழைத்து, இரண்டு கிண்ணங்களில் வைத்தாள். தெய்வசிகாமணியை ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

அமீரை நிமிர்த்தி உட்காரவைத்தாள். முகவாயைத் தாழ்த்தி, தொண்டையில் விரல் வைத்து, எச்சிலை விழுங்கச் சொன்னாள். தொண்டை மெல்ல ஏறி இறங்கியது. அங்கிருந்து கண்ணை எடுக்காமலேயே மறுகையை நீட்டிக் கிண்ணத்தை எடுத்தாள்.

கரண்டி உதட்டருகே போனதும்தான் இந்தப் பல்கடிப்பு.

"நீ பேச்சு டீச்சராச்சேம்மா. மருந்த நர்சம்மாவே குடுத்தா இன்னா?" மெஹ்ராஜ் பேகத்தின் குரல் உடைந்தது. "பயந்துகினு இருக்காரு பாரு. அன்னிக்கிப் பட்டதே போதும்மா."

"பொடியாக்கி தயிர்ல கலந்திருக்கேம்மா. அடைக்காது."

"அடைச்சிக்கினா?"

இசைவாணி கரண்டியை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனாள்.

அப்போது அமீரின் உதடுகள் அசைந்தன. "மா…"

படுக்கையில் விழுந்ததிலிருந்து முனகலைத் தவிர வேறு சத்தம் வராத வாய் அது. இசைவாணி மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"மாத்… தி."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "கேட்டீங்களாம்மா? மாத்திரைன்னு சொல்றாரு!"

"யா அல்லா! பேசிட்டாரும்மா!" மெஹ்ராஜ் பேகம் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள்.

"ஐயா, மாத்திரை. அந்த 'ரை'யும் சேத்துச் சொல்லுங்க."

அமீர் தலையை வேகமாக ஆட்டினார். நெற்றியில் நரம்பு புடைத்தது. "மாத்தி! மாத்தி!"

"ஆமாங்க, மாத்திரைதான். முழுங்கிருங்க," என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள் மெஹ்ராஜ் பேகம்.

பேசத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை. இதைவிட்டால் வேறு சமயம் கிடைக்காது. இசைவாணி கரண்டியைச் சட்டென்று உள்ளே கொண்டுபோனாள்.

கம்பியிலிருந்து பாய்ந்து வந்த இடது கை அவள் மணிக்கட்டைக் கவ்வியது. நகங்கள் தோலில் இறங்கின. கரண்டி பல்லில் இடித்து நின்றது. அவர் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கிளம்பியது.

"விட்டுடும்மா! மூச்சு அடைக்குது!" மெஹ்ராஜ் பேகம் அலறினாள்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் இசைவாணி. பதறிக்கொண்டு அவர் உதடுகளைப் பார்த்தாள், நகங்களைப் பார்த்தாள். எங்கும் நீலம் இல்லை. இருமலும் இல்லை. மூச்சு சீராகத்தான் வந்துகொண்டிருந்தது.

அமீர் அவள் கையை விடவில்லை. கரண்டியோடு சேர்த்துத் தன் வாயிலிருந்து விலக்கினார். பக்கத்தில் காலியாகக் கிடந்த தெய்வசிகாமணியின் கட்டில் பக்கம் மெதுவாகத் திருப்பினார். பிறகு, அவள் தினமும் சொல்லிக்கொடுத்தபடியே, நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி எடுத்தார்.

"மாத்திரை… அவுருது."