அரைக் கிண்ணம்

"ஏறியிருக்கும்மா" என்றார் டாக்டர், எடை மெஷினின் முள்ளைக் குனிந்து பார்த்து.

அம்சவள்ளி இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டாள். கணவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"போன தடவையும் ஏறியிருக்குன்னீங்களே சார்?" என்றான் கொளஞ்சியப்பன்.

"இப்ப அதுக்கும் மேல. வீட்ல என்னதான் சாப்பிடறாங்க?"

"நீங்க சொன்னபடிதாங்க சார். தனியா கிண்ணம் வாங்கி வச்சிருக்கு. அரைக் கிண்ணம் சோறு. மெதுவா, நல்லா மென்னு. சோத்தோட தண்ணி குடிக்கறதில்ல. எண்ணெய்ப் பலகாரத்தை வூட்டுக்குள்ளயே விடறதில்ல."

டாக்டர் அம்சவள்ளியிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"எனக்குன்னு போட்டுக்கறது அந்த அரைக் கிண்ணந்தாங்க சார்."

வயிற்றைச் சிறிதாக்கித் தைக்கிற அந்த ஆபரேஷன் அப்போது மெட்ராஸிலேயே புதிது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அந்த டாக்டர், மாதம் ஒருமுறை திருச்சிக்கும் வந்து பார்ப்பார். ஆபரேஷனுக்கு முன்னால் அம்சவள்ளி நாலடி நடந்தால் மூச்சு வாங்குவாள். படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். இதயம் இந்த உடம்பை இனியும் தாங்காது என்று சொன்ன பிறகுதான் இருவரும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார்கள். முதலில் மளமளவென்று இளைத்தாள். அந்த வருஷம் கல்லங்குறிச்சித் தேருக்கு அரியலூரிலிருந்து நடந்தே போனாள். அதற்குப் பிறகுதான் முள் மறுபடி ஏறத் தொடங்கியது.

"தச்ச வயிறு கொஞ்சங் கொஞ்சமா விரியும்மா" என்றார் டாக்டர். "விரிஞ்சுட்டா இன்னொரு தடவை கத்தி வைக்க முடியாது. உங்க இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. இனிமே வாயைக் கட்டறது ஒண்ணுதான் வழி."

பஸ்ஸில் லால்குடி வரைக்கும் கொளஞ்சியப்பன் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தான். ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டதே தப்போ என்று தோன்றியது. தான் எங்கேயோ கோட்டை விட்டிருக்கிறோம், எங்கே என்றுதான் தெரியவில்லை.

கீழப்பழுவூரில் அவன் அக்கா சிந்தாமணி ஏறினாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கடலை உருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து அம்சவள்ளியிடம் நீட்டினாள்.

"வேணாங்க அண்ணி. எனக்கு ஆகாது."

"ஒண்ணே ஒண்ணுடி. அதுலயா ஆனையா ஆயிடப்போற?"

"வேணாங்க."

சிந்தாமணி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். "எனக்கொரு சந்தேகம்டா. ஆபரேஷன் பண்ணது இவளுக்கா, உனக்கா? கொடியில காயற மாதிரியில்ல தொங்குது சட்டை!"

முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஆலையில வேலை ஜாஸ்திக்கா" என்று மழுப்பினான் கொளஞ்சியப்பன்.

சிமெண்ட் ஆலையில் வேலை எப்போதும்போலத்தான் இருந்தது. அம்சவள்ளி அரைக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, எதிரில் வயிறு முட்டச் சாப்பிட அவனுக்குத்தான் மனசு வரவில்லை. அவனும் குறைத்துக்கொண்டான். அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள், அழுவாள். கேட்டபோதெல்லாம் 'பசியில்ல' என்று மட்டும் சொல்லிவைத்தான்.

இப்போது அவன் மனதில் வேறொன்று அரித்தது. என் கண்ணெதிரில் கடலை உருண்டையை வேண்டாம் என்கிறாள். நான் ஷிப்டுக்குப் போன பிறகு?

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்படிக்குள் நுழைந்தான். டப்பா டப்பாவாக இறக்கித் திறந்தான். உளுந்து, மிளகாய், புளி. அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவினான்.

"என்னங்க தேடறீங்க?"

"நீ ஒளிச்சு வச்சுத் தின்னறதை."

அம்சவள்ளி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "என்னைத் திருடிங்கறீங்களா?"

"பின்ன எடை எப்படிடி ஏறும்? காத்தைக் குடிச்சா? டாக்டர் சொன்னது காதுல வுழுந்துச்சில்ல? நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா? நான் ஒருத்தன் இங்க உனக்காக அரைவயிறும் கால்வயிறுமா கெடக்கறேன்!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கு உறைத்தது.

"என்னது?" அவள் குரல் இறங்கியது. "பசியில்லன்னுதானே சொன்னீங்க?"

"சொன்னேன். நீ அவ்வளவுண்டு சாப்பிடறப்ப எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?"

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அவன் திறந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினான்.

"சரி, விடு. இனிமே திட்ட மாட்டேன்" என்றான். "உண்மையை மட்டும் சொல்லு. நான் ஆலைக்குப் போனப்புறம் என்ன சாப்பிடற?"

"எனக்குன்னு ஒண்ணும் போட்டுக்கறதில்லீங்க, சத்தியமா" என்றாள் அம்சவள்ளி, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நீங்க ஒழைக்கற ஆளு, உங்களுக்கு அளந்தா வைக்க முடியும்? முன்னெல்லாம் தட்டை வழிச்சுச் சாப்பிட்டுருவீங்க. இப்பதான் பாதியில எழுந்திரிச்சுடறீங்க. புருஷன் தட்டுல இருக்கறதை எப்படிங்க குப்பையில கொட்டறது? மொதல்ல எனக்கு எறங்கவே இல்ல. அப்புறம் பக்கத்துலயே வச்சுக்கிட்டு, சாயங்காலம் வரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாப் பழகிக்கிட்டேன். நீங்க மிச்சம் வச்சதுல ஒரு பருக்கையைக்கூட நான் வீணாக்கினதில்லீங்க."