நாலு மணித் தட்டல்

"மன்னிக்கணும் சார், நாங்க பேசிட்டிருக்கோம். ஒரு மணி நேரம் பொறுத்துக்கோங்க."

நாங்களாம்! லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கடுப்பு தலைக்கேறியது. பொழுதுபோக்காக ஊர் ஊராகப் பேச வைத்திருந்த அவருடைய ஹாம் ரேடியோவில் கேட்டதோ ஒரே ஒரு குரல். ரிட்டயரான டிராயிங் மாஸ்டர் ஒருத்தர், "கேக்குதாப்பா? இருக்கியா?" என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார். பதிலே இல்லை.

பழைய அலைவரிசையில் இரைச்சல் தாங்காமல் மெக்கானிக்கின் ரேடியோ கோஷ்டி அன்றுதான் இந்த அலைவரிசைக்குக் குடிவந்திருந்தது. ஹாம் விதிப்படி, முதலில் பேசுகிறவருக்கே இடம். பட்டனை அழுத்தினால் பெயர் சொல்லியாக வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பாடத்தை நடத்துகிறவரே மெக்கானிக்தான்.

ஆனால் ஆத்திரம் யாரை விட்டது? மாஸ்டர் பேச்சை நிறுத்தும்போதெல்லாம், இவர் பெயர் சொல்லாமல், அந்தப் பக்கம் சத்தம் மட்டும் கேட்கும்படி மைக் பட்டனை இரண்டு தடவை அழுத்தினார். டொக், டொக். கிளம்புய்யா என்று அர்த்தம்.

மனுஷன் கிளம்பவில்லை. அதற்கப்புறம்தான் குஷியாகப் பேச ஆரம்பித்தார். இவரும் விடவில்லை. இரண்டு வாரம், தினமும் நாலு மணிக்கு டொக், டொக்.

கடைசியில் பொறுமை போய், விலாசம் விசாரித்துக்கொண்டு நேரிலேயே போய்விட்டார். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும்.

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்தார். "ரேடியோ நண்பரா? மெதுவா பேசுங்க. இப்பதான் தூங்குறார். இதய ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்தான் ஆகுது."

"தினமும் நாலு மணிக்குத் தனியா பேசிட்டிருக்காரே..."

"தனியா இல்லைங்க, சிநேகிதர்கிட்ட. எட்டு வருஷப் பழக்கம். தொண்டையில புற்றுநோய் வந்து அவருக்குப் பேச்சு போயிடுச்சு. இவர் பேசுவார், அவர் பட்டனை ரெண்டு தடவை தட்டுவார். அதுதான் பதில்."

"ரெண்டு தடவையா?" என்றார் மெக்கானிக்.

"அந்த அண்ணன் இறந்து பதினாறு நாளாச்சு. அதிர்ச்சி ஆகாதுன்னு டாக்டர் சொன்னதால இவர்கிட்ட மறைச்சுட்டோம். ரெண்டு நாள் பதில் வராம சோறு தண்ணி இறங்கல. மூணாம் நாள் எப்படியோ தட்டல் வந்துடுச்சு! யார் பெத்த பிள்ளையோ, நிலைமை தெரிஞ்சு, பேர்கூடச் சொல்லாம செய்றார். இவர் இன்னிக்கு உசிரோட இருக்கிறதே அந்த மகராசனாலதான்."

அந்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மெக்கானிக்குக்குத் தலை நிமிரவில்லை.

"உள்ள வந்து உக்காருங்க. எழுந்ததும் சொல்றேன். என்ன விஷயமா வந்தீங்க?"

மெக்கானிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றரை.

"ஒண்ணுமில்லம்மா... நாலு மணிக்குள்ள நான் வீட்ல இருக்கணும்."