தொட்டால் திரும்பும் வண்டி

உறைந்த ஏரியின் மேல் மார்ச் வெயிலில் கண் கூசுகிறது. கரையில் நிற்கும் ராவ்னாவின் காப்பியில் அவர்கள் ஊர் வழக்கப்படி போட்ட பாலாடைக்கட்டித் துண்டுகளோடு வண்டி கிரீஸும் மிதக்கிறது. தம்பி யோவ்னா வண்டியை நோண்டிய கையாலேயே அவற்றை அள்ளிப் போட்டிருக்கிறான். புது மோட்டார் பனிவண்டி சொன்னபடி திரும்பவில்லை என்று விடிந்ததிலிருந்து அதன் அடியிலேயே கிடந்தவன், சறுக்குக் கட்டைகளுக்குக் கூரான புதுக் கம்பி மாட்டி, ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டு, இப்போது பின்னிருக்கையில் மந்தை ஓட்டும் நாயை ஏற்றிக்கொண்டு, பெட்ரோல் புகையைக் கக்கியபடி ஏரியைச் சுற்றுகிறான். பனி இளகுமுன் பனிமான் மந்தையை மறுகரைக்கு ஓட்டியாக வேண்டும். அந்த நினைப்பே அவனுக்கு இல்லை. ஹேண்டிலை லேசாக அசைக்கிறான். வண்டி வெடுக்கென்று திரும்பிப் பாய்ந்து வந்து அவள் காலடியில் நிற்கிறது. "பாத்தியாக்கா? தொட்டாப் போதும், திரும்புது!" பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். "திரும்புறது இருக்கட்டும். நாய் எங்கடா?" அவன் திரும்பிப் பார்க்கிறான். ஏரி நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு எழுந்து உடம்பை உதறுகிறது. "அது... போகப் போகப் பழகிக்கும்கா." "தூ! அது இல்லாம உன் மூஞ்சியப் பாத்தா மந்தை நகரும்?" ராவ்னா காப்பியைப் பனியில் கொட்டுகிறாள். நாய் அவசரமில்லாமல் நடந்து வருகிறது. புது வண்டியை முகர்ந்துகூடப் பார்க்காமல் தாண்டிப் போய், கரையோரம் நிற்கும் பழைய வண்டியின் கிழிந்த இருக்கையில் ஏறி, யோவ்னாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்கிறது.