குழாயை யார் திறப்பது?

டெல்மா வரவேற்பறையில் மண்டியிட்டு, பெரணிச் செடித் தொட்டிக்குள் மெல்லிய குழாயைச் செருகிக்கொண்டிருந்தாள். சமையலறைக் குழாயிலிருந்து கிளம்பிய அது, ஜன்னலோரத் தொட்டிகள் அத்தனைக்கும் கிளை பிரிந்து போயிருந்தது.

கணவன் ரெக்ஸ் சோபாவில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பத்து நாள் கப்பல் பயணத்துக்கு இவ்வளவு கூத்தா? பக்கத்து வீட்டு மர்லீன்கிட்ட சாவியைக் கொடுத்தா ஊத்திட்டுப் போறா.”

“அவளுக்கு எதுக்குத் தொல்லை? இதுல தானா சொட்டுச் சொட்டா விழும். காலையில திறந்து விட்டுட்டு, காபி குடிச்சதும் மூடணும். அவ்வளவுதான்.”

“கெட்டிக்காரிதான். ஆனா நாம ரெண்டு பேரும் கப்பல்ல இருந்தா, குழாயை யார் திறப்பா?” ரெக்ஸ் சத்தமாகச் சிரித்தான்.

“நீதான்.”

“நானா? எப்படி?”

“கப்பல் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன், ரெக்ஸ். ஹோபார்ட்ல ஒரு வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் கிளம்புறேன். திரும்பி வர மாட்டேன்.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

“என்ன விளையாட்டு இது?”

“விளையாட்டு இல்ல. இப்போ பேசினோமே, இந்த மாசத்துலயே நாம அதிகமா பேசினது இதுதான். உனக்கு அதுகூடத் தெரியல.”

ரெக்ஸ் டிவியை அணைத்தான். “செடிங்களையும் விட்டுட்டா போற?” என்றான்.

“அங்க இடம் இல்ல. தண்ணி ஊத்த உன்னை நம்பி விட்டா செத்துடும். அதான் இந்தக் குழாய்.” டெல்மா கையிலிருந்த மண்ணைத் தட்டினாள். “அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?”