மச்சானின் காது வலி

"உனக்குக் காதுல வலியா, மனசுல பயமா? உண்மையைச் சொல்லுடா."

படகில் ஏறியதும் காண்ட்ராக்டர் கத்திய முதல் வார்த்தை அதுதான். முதுகில் கட்டியிருந்த காற்று சிலிண்டரைக்கூட அவர் இன்னும் கழற்றவில்லை.

தண்ணீருக்கு மேலே வந்ததுமே காதைத் தொட்டுக் காட்டியிருந்த மச்சான், பின்னாலேயே ஏறி முகக்கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திக்கொண்டு மூச்சு வாங்கினான். "காதுதான் மாமா. திடீர்னு அடைச்சுக்கிச்சு. ஊசியால குத்தின மாதிரி இருந்துச்சு."

"அடைச்சா நீ மட்டும் மேல வர்றதுதானே? என்னை எதுக்குடா திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சு இழுத்துட்டு வந்தே?"

"ஜோடியா இறங்கினா ஜோடியாத்தான் ஏறணும். இங்க அதுதானே மாமா சட்டம்."

"சட்டம் பேசறான் பாரு. உன்னை ஜோடி சேர்த்துக்கிட்டதுக்கு ஒரு செங்கல்லைக் கட்டிக்கிட்டு இறங்கியிருக்கலாம். அதாவது பேசாம கீழேயே கிடந்திருக்கும்."

நிழல் துணிக்கு அடியில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி துண்டோடு எழுந்து வந்தாள். "சரி விடுங்க. ரெண்டு பேரும் நல்லபடியா மேல வந்தீங்களே. அதுக்குக் கடவுளுக்கு நன்றி சொல்லுங்க."

"நீ சும்மா இரு. தம்பின்னா உடனே வந்துடுவியே."

அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. வாழ்நாளெல்லாம் ஊராருக்கு வீடு கட்டிக் கொடுத்தவர், தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஒரு கப்பலைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதற்காகத் தலை நரைத்த பிறகு நீச்சல் பழகினார். குளத்தில் வாண்டுகள் எல்லாம் சிரித்தன. பொறுத்துக்கொண்டார். விடுமுறைக்குத் தீவுக்கு வந்து, பவளப்பாறைகளைத் தாண்டி, இருட்டுக்குள் படுத்திருந்த கப்பலை இன்று தொட்டும்விட்டார். அதன் அறைக்கதவு வரை போனது நினைவிருக்கிறது. கதவருகே கூட்டம் கூட்டமாக மீன்கள். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் மச்சான் அவரை இறுகப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

படகின் பின்பக்கம், கூட இறங்கிய வழிகாட்டிப் பெண்ணிடம் மச்சான் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான்.

"அங்க என்னடா குசுகுசு? அந்தப் பொண்ணுகிட்டயும் காது குத்தறியா?"

மச்சான் சிரித்தான். அந்தச் சிரிப்பு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது.

விடுதி அறைக்கு வந்தும் காண்ட்ராக்டர் ஆறவில்லை. ஈரத்துணியைப் பிழிந்த வேகத்தில் தையல் விட்டுப்போயிற்று.

"ஊருக்குத் திரும்பினதும் சொல்லிடு. இனிமே உன் தம்பி நம்ம வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம்."

மனைவிக்குக் கண் கலங்கியது. "ஏங்க, எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தாங்க."

"எனக்குன்னு இருந்தது அந்தக் கப்பல் ஒண்ணுதான். அதைக் கெடுத்துட்டானே."

கதவு மெல்லத் திறந்தது. மச்சான் கையில் தேநீர்க் கோப்பையோடு நின்றான்.

"டீ கொண்டாந்தேன் மாமா."

"உன் காதுல ஊத்திக்கோ."

"சூடா இருக்கு. ஆறட்டும்."

"எது, டீயா?"

"ரெண்டும்தான்." கோப்பையை மேசைமேல் வைத்தான். "மாமா, கொஞ்சம் வெளிய வாங்களேன். தனியா ஒரு விஷயம் பேசணும்."

"இனிமே உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. வெளிய போ."

மச்சான் அக்காவின் முகத்தைப் பார்த்தான். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டான். அவன் தலை மறைந்ததும் காண்ட்ராக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு கடற்கரைக்கு விடுவிடுவென்று நடந்தார்.

முக்குளிப்புக் கடையில் ரப்பர் உடைகள் வரிசையாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தன. வழிகாட்டிப் பெண் ஒரு தொட்டி நல்ல தண்ணீரில் முகக்கண்ணாடிகளை அலசிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு அதே கப்பலுக்கு நான் மறுபடி போகணும்மா. ஆனா அந்தப் பயந்தாங்கொள்ளி வேண்டாம். வேற யாரையாவது ஜோடி சேர்த்துவிடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மன்னிச்சுக்குங்க சார். அந்தக் கப்பலுக்கு உங்களை இனிமே நான் கூட்டிட்டுப் போக முடியாது. உங்க மச்சான் இன்னும் சொல்லலையா? அக்காவுக்குத் தெரிஞ்சா பயந்துடும், உங்களைத் தனியாப் பார்த்து நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னாரே."

"என்ன சொல்றது? காது வலின்னு விட்டது புளுகுன்னா? அது எனக்கே தெரியும்."

"புளுகுதான் சார். அவருக்குக் காதுல ஒண்ணுமே இல்ல."

"அப்படிச் சொல்லும்மா." காண்ட்ராக்டர் தொட்டியின் விளிம்பில் ஓங்கித் தட்டினார். "இதை என் பொண்டாட்டி முன்னாடி வந்து ஒரு தடவை சொல்லு."

"அந்தக் கப்பல் ரொம்ப ஆழம் சார். அவ்வளவு ஆழத்துல சில பேருக்குக் குடிச்ச மாதிரி கிறுகிறுப்பு வந்துடும். என்ன செய்யறோம்னே தெரியாது. கொஞ்சம் மேல வந்தா தெளிஞ்சிடும். நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது."

"ஓஹோ. பையனுக்குப் போதை ஏறிடுச்சா? அந்த மானக்கேட்டை மறைக்கத்தான் காது, மூக்குன்னு கதை விட்டானா?"

அவள் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

"போதை ஏறினது அவருக்கு இல்ல சார். வாயில இருந்த காத்துக் குழாயை உருவி, சிரிச்சுக்கிட்டே ஒரு மீனுக்கு ஊட்டிவிட்டது நீங்க. அதைப் பிடுங்கி உங்க வாயிலேயே திரும்ப வச்சு, தண்ணிக்கு மேல வர்ற வரைக்கும் விழாமப் பிடிச்சுக்கிட்டே வந்தது அவருதான்."